மூன்றாம் பாட்டின் பதினொரு விநாடிகள்

தக்சாயினிக்குச் சத்தம் போடத் தெரியாது என்றுதான் அவளை அறிந்தவர்கள் நினைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கிற ஒரு தனியார் லாப்பில் இரத்தம் எடுப்பது அவளுடைய வேலை. காலை ஆறரைக்குக் கதவைத் திறக்கும்போதே வாசலில் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். ஒவ்வொருவரிடமும், "வெறும் வயித்தோடையோ வந்தனீங்கள்?" என்று கேட்பாள். பாதிப் பேர், "என்ன பிள்ளை?" என்று காதைக் கிட்டக் கொண்டுவருவார்கள். இரண்டாம் தரமும் அதே குரலில்தான் கேட்பாள். அதற்கு மேல் அந்தக் குரல் ஏறாது.

வீடு அளவெட்டியில். அப்பா கனகலிங்கம் வெங்காயமும் மிளகாயும் பயிர் செய்கிறவர். அம்மா தங்கமுத்து வீட்டையும் மாட்டையும் பார்ப்பாள். ஒரே பிள்ளை. இருபத்தெட்டு வயது. சாதகம் மூன்று இடங்களுக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது.

கொரோனாக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை, உடைந்த கைப்பேசித் திரையை மாற்ற யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போனாள். பலாலி வீதியில் ஜெயதீபன் என்பவர் வைத்திருந்த சிறிய திருத்தக் கடை. வேலை முடிந்து வெளியே வந்து, நின்ற மினிபஸ்ஸில் கால் வைத்தாள். உள்ளே இடமில்லை என்று கண்டு இறங்கினாள். இறங்கும்போது சுரிதாரின் சால் கதவில் மாட்டிக்கொண்டது. பஸ் எடுத்துவிட்டது. கழுத்தில் சால் இறுக, பஸ்ஸோடு சேர்ந்து ஓடினாள். அப்போது அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.

பஸ் நின்றது. எதிர்ப் பக்கமாக வந்த ஆட்டோவும் நின்றது. சந்தைக்குப் போன சனம் திரும்பிப் பார்த்தது. ஜெயதீபன் கையில் ஸ்க்ரூட்ரைவரோடு கடைக்கு வெளியே வந்தார். சால் துணியை விடுவித்துக்கொண்டு நின்றவளிடம், "காயம் ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒண்டு கேட்டால் கோவிக்க மாட்டீரே?" என்றார். "நீர் பாடுவீரோ?"

"இல்லை."

"இப்ப கத்தினது நீர்தானே?"

"ஓம். ஏன்?"

ஏன் என்பதை அவர் ஒரு மணி நேரம் விளங்கப்படுத்தினார். அவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். அவருக்குக் கிற்றார். குருநகரைச் சேர்ந்த கொலின்ஸ் கோவிலில் பாடகர் குழுவுக்கு ட்றம்ஸ் அடிப்பவன். பேஸ் கிற்றார் வாசிக்கிற தனோஜன் பள்ளிக்கூட வாத்தியார். அவர்கள் வாசிப்பது நியூ மெட்டல். கிற்றார் பாரமாக, இரைச்சலாக இருக்கும். அதற்கு மேலே ராப் மாதிரி வேகமாகக் கதைக்கலாம், கொஞ்சம் பாடலாம், பிறகு கத்தலாம். ஐந்து வருடமாகக் கத்துவதற்கு ஆள் தேடுகிறார்கள். வந்த பெடியங்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரரைப் பார்த்துப் பழகிய மாதிரிக் கத்துகிறார்கள்.

"நீர் கத்தினது ஒருத்தர் மாதிரியும் இல்லை" என்றார் ஜெயதீபன்.

அது புகழ்ச்சியா என்பது தக்சாயினிக்கு விளங்கவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் போனாள். ஏன் போனாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். ஒருவருக்கும் அவளால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. வீட்டில் முதலில் கணினி வகுப்பு என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு, பாட்டு என்று திருத்திச் சொன்னாள். "சங்கீதமோ?" என்று அப்பா கேட்டார். "அது மாதிரி" என்றாள்.

பாட்டுக்கு வரி எழுதும் வேலையும் அவளிடமே வந்தது. அவளுக்குத் தெரிந்தது லாப்பில் ஒரு நாளைக்கு நாற்பது தரம் சொல்கிற வசனங்கள்தான். அவற்றையே எழுதினாள். மூன்றாம் பாட்டு இப்படித் தொடங்கும்:

கையை நீட்டுங்கோ
விரலைப் பொத்துங்கோ
அங்காலை பாருங்கோ
இப்ப முடிஞ்சிடும்

தனோஜன் அதை இரண்டு தரம் படித்தான். "இது எதைப் பற்றி?" என்றான்.

"ரத்தம் எடுக்கிறதைப் பற்றி."

"அவ்வளவுதானோ?"

"வேறை என்ன?"

ஒன்பது பாட்டுகள் சேர்ந்தன. தொகுப்புக்கு 'வெறும் வயிறு' என்று பெயர் வைத்தார்கள். அதுவும் அவளுடைய வாசலில் தினமும் கேட்கிற சொல்தான்.

ஒலிப்பதிவு இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நடந்தது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த வருடம். ஜெயதீபனின் கடைக்கு மேலே இருந்த அறையில், சுவருக்கு மெத்தைகளை நிமிர்த்திக் கட்டி, யன்னலைப் போர்வையால் மூடினார்கள். மின்சாரம் இருக்கும் நேரத்தில்தான் பதிய முடியும். விசிறியைப் போட்டால் அதன் சத்தமும் பதிந்துவிடும் என்பதால் வேர்த்து ஒழுக நின்றார்கள். தக்சாயினி அளவெட்டியிலிருந்து சைக்கிளில் வந்தாள். வந்து சேர்ந்ததும் பாட மூச்சு இருக்காது. அரை மணி நேரம் சுவரோடு சாய்ந்து இருந்த பிறகுதான் எழும்புவாள். அதற்குள் சில நாட்களில் மின்சாரம் போய்விடும். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

கதைப்பதும் பாடுவதும் அவளுக்கு வந்தன. கத்தல்தான் வரவில்லை. மூன்றாம் பாட்டின் கடைசியில் கிற்றார் உச்சத்துக்குப் போகும்போது கத்த வேண்டும். எட்டுத் தரம் முயன்றாள். ஒவ்வொன்றும், முற்றத்தில் நிற்கிற யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"பஸ்ஸை நினையுங்கோ அக்கா" என்றான் கொலின்ஸ்.

பஸ்ஸை நினைத்தாள். சிரிப்பு வந்தது.

"ஆரையாவது கோவமா நினையும்" என்றார் ஜெயதீபன்.

கண்ணை மூடி ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். அவ்வளவு கோபம் யார் மேலும் இல்லை. அப்படி ஒருவரும் இல்லாதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒன்பதாம் தரம் பாட்டு முதலிலிருந்து ஓடியது. நடுவில் கிற்றார் நின்று, பேஸ் மட்டும் மெல்லப் போகிற ஓர் இடம் உண்டு. "அங்காலை பாருங்கோ" என்று அவள் கிட்டத்தட்ட இரகசியமாகச் சொல்ல வேண்டிய இடம். சொன்னாள். அடுத்த வரி வரவில்லை. அதற்குப் பதிலாக அது வந்தது. ஒருவரும் எதிர்பாராத இடத்தில், எதற்கும் பொருந்தாமல், பதினொரு விநாடிகள். அது முடிந்த கையோடு மின்சாரம் போனது.

அறை இருண்டது. மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும் ஜெயதீபனின் முகத்தில் விழுந்தது. "இருக்குது" என்றார் கடைசியாக. "பதிஞ்சிருக்குது."

படியில் ஆட்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. கடைக்குப் பின்னால் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரி குணலட்சுமி முன்னால் வந்தாள். பின்னால் அயல் வீட்டுப் பெண்கள் இருவர்.

"ஆர் கத்தினது? பிள்ளைக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் இல்லை அன்ரி. பாட்டுத்தான்" என்றார் ஜெயதீபன்.

குணலட்சுமி அவரை நம்பவில்லை. தக்சாயினிக்கு அருகே போய் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "பயப்பிடாமல் சொல்லு பிள்ளை. இவங்கள் ஏதும் செய்தவங்களோ?"

"இல்லை அன்ரி. நான்தான் கத்தினனான்."

"ஏன்?"

தக்சாயினி கைகளை இழுத்துக்கொண்டாள். "தெரியேல்லை" என்றாள். குணலட்சுமி மூன்று ஆண்களையும் ஒரு முறை பார்த்துவிட்டு, கதவைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு ஒலிப்பதிவு முடியும் வரை, ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு சாட்டில் மேலே வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

அந்தப் பதினொரு விநாடிகளை ஜெயதீபன் அசைக்கவில்லை. கடைசியில் வர வேண்டிய கத்தலை விட்டுவிட்டு, பாட்டை அதைச் சுற்றித் திருப்பி அமைத்தார். ஒவ்வொரு தரம் அது ஒலிக்கும்போதும் தக்சாயினி யன்னல் போர்வையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தன் குரல் என்று அவளால் நம்ப முடியவில்லை.

புரட்டாதியில் தொகுப்பை இணையத்தில் விட்டார்கள். கொஞ்சச் சீடியும் அடித்தார்கள். அதைப் போட்டுக் கேட்க ஒருவரிடமும் கருவி இருக்கவில்லை. கனகலிங்கம் மிச்சத்தில் பத்தை வாங்கிப் போய், மிளகாய்த் தோட்டத்தில் குருவி கலைக்கக் கட்டிவிட்டார்.

வீட்டில் முழுத் தொகுப்பையும் கேட்டது அவர்தான். கதிரையில் நேராக இருந்து, முப்பத்தேழு நிமிடமும் கேட்டார். பிறகு, "முடிஞ்சுதோ?" என்றார்.

"ஓம் அப்பா."

"நல்லது." கதிரையை விட்டு எழும்பிக்கொண்டே, "உதிலை நாதஸ்வரம் ஏதும் வராதோ? அளவெட்டிப் பிள்ளை எண்டால் ஆக்கள் கேப்பினம்" என்றார். அளவெட்டி நாதஸ்வர வித்துவான்களுக்குப் பேர்போன ஊர்; ஆட்கள் உண்மையாகவே கேட்டார்கள்.

தங்கமுத்து இரண்டு பாட்டு வரை அருகில் இருந்தாள். மூன்றாம் பாட்டில், அந்த இடம் வந்ததும் எழும்பிக் குசினிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பிடிக்கவில்லை என்று தக்சாயினி எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொருவராக வந்து, பாட்டு எதைப் பற்றியது என்று அவளுக்கே சொல்லத் தொடங்கினார்கள். கொழும்பில் ஊர்வலம் போன மாணவர்கள் தங்கள் காணொளிக்கு அடியில் அந்தக் கத்தலைப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு 'வெறும் வயிறு' என்பது விலைவாசி. கனடாவிலிருந்து எழுதிய ஒருவர், இது இரண்டாயிரத்து ஒன்பதில் பட்டினி கிடந்து செத்தவர்களின் குரல், நீங்கள் வாழ வேண்டும் தங்கையே என்று எழுதினார். அவருக்குக் கீழே இன்னொருவர், இறந்தவர்களை வைத்துக் கூத்தடிக்க உனக்கு என்ன உரிமை என்று கேட்டிருந்தார். ஊர்க் கோவில் நிர்வாகசபையில் இருந்த ஒருவர், பெயரை மட்டும் கேள்விப்பட்டு, கந்தசட்டி விரதத்துக்கு அந்தப் பாட்டைப் போடலாமா என்று அப்பாவிடம் விசாரித்தார். நீரிழிவு விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு மூன்றாம் பாட்டைத் தர முடியுமா, கத்துகிற பகுதியைக் குறைத்துத் தந்தால் நல்லது என்று ஒரு டொக்டர் கேட்டார்.

தக்சாயினி எல்லோருக்கும், "நன்றி" என்று பதில் போட்டாள். திட்டியவருக்கும் அதையே போட்டாள். உண்மையில் அந்த டொக்டர்தான் அவள் எழுதியதற்கு மிகக் கிட்ட வந்தவர். ஆனால் அவருடைய விளக்கத்தைக் கேட்டபோதுதான், அதுவும் சரியில்லை என்று அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது.

ஐப்பசியில், நகரில் ஒரு சிறிய மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்தார்கள். நூறு கதிரை போட்டார்கள். எண்பது பேர் வந்து, பரிசளிப்பு விழாவுக்கு வந்த மாதிரி அடக்கமாக இருந்தார்கள். எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் பாட்டுக்கு நடுவில் தட்டினார்கள். முடிவில் பேசாமல் இருந்தார்கள். மூன்றாம் பாட்டில் அந்தக் கத்தல் வருமா என்று தக்சாயினிக்கே நிச்சயமில்லை. வந்தது. முன் வரிசையில் ஒரு குழந்தை அழுதது.

எல்லாம் முடிந்து ஆட்கள் எழும்பும்போது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மேடைக்கு அருகே வந்தாள். வெள்ளைப் பொட்டு வைத்த நீலச் சேலை. தக்சாயினியின் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"நல்லாய் இருக்க வேணும் பிள்ளை" என்றாள்.

"நன்றி அம்மா. நீங்கள்...?"

"ஒண்டும் இல்லை. அதுதான். அவ்வளவுதான்." கையை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அதே பெண் லாப்பில் வந்து இருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டார்கள். தக்சாயினி லாப்பில் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள், அந்தப் பெண் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "அங்காலை பாருங்கோ" என்று தக்சாயினி சொன்னபோது, அந்தப் பெண் மறு பக்கம் பார்க்காமல் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். கேட்டிருக்கலாம் என்று தக்சாயினி அன்று முழுவதும் நினைத்தாள். என்னவென்று கேட்பது?

லண்டனிலிருந்து இயங்குகிற ஓர் இணைய வானொலியிலிருந்து தாரிகா என்ற அறிவிப்பாளர் தொலைபேசியில் பேட்டி எடுத்தார். பத்து நிமிடம் பொதுவாகக் கதைத்த பிறகு, "அந்தப் பதினொரு விநாடிகளுக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியேல்லை" என்றாள் தக்சாயினி.

"சொல்ல முடியாத அளவுக்கு வலி என்று எடுத்துக்கொள்ளலாமா?"

"இல்லை. தெரியாதெண்டுதான் சொல்லுறன்."

நிகழ்ச்சி போனபோது அந்தப் பதில் அதில் இல்லை. அந்த இடத்தில் தாரிகாவின் குரல், ஓர் இனத்தின் சொல்லப்படாத வலி என்று உருக்கமாகச் சொன்னது. கேட்டுக்கொண்டிருந்தபோது தக்சாயினிக்கே அது உண்மைபோலப் பட்டது. பிறகு, தான் ஒரு பொய்க்குத் துணை போய்விட்டதாகவும் பட்டது. இரண்டில் எது என்று அவளால் முடிவு கட்ட முடியவில்லை.

நிகழ்ச்சியைத் தங்கமுத்துவும் பின்னால் நின்று கேட்டிருந்தாள். அடுத்த நாள் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தபோது, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"உந்தக் கத்தல் நீ முந்தியும் கத்தினனி."

"எப்ப அம்மா?"

"தொண்ணூத்தஞ்சிலை. இடம்பெயர்ந்து போகேக்கை. உனக்கு ரெண்டு வயசு."

இராணுவம் கிட்ட வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போன ஐப்பசி அது. வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

"மழை. பாலத்திலை அசைய இடமில்லை. நீ என்ரை இடுப்பிலை. ஒரு நேரச் சாப்பாடும் தரேல்லை. திடீரெண்டு கத்தினாய். உதேதான். நான் வாயைப் பொத்திப்போட்டன்."

"ஏன் பொத்தினீங்கள்?"

"எல்லாரும் பேசாமல் வந்தினம்" என்றாள் தங்கமுத்து.

கனகலிங்கம் கட்டிய பிடியைக் கீழே வைத்தார். "என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? பிள்ளை என்ரை சைக்கிளிலை எல்லே இருந்தவள். சாவகச்சேரி போய்ச் சேருமட்டும் நித்திரை. கத்தினது பஞ்சலிங்கத்தின்ரை பெடியன்."

"இடுப்பிலை இருந்த பிள்ளையை எனக்குத் தெரியாதே?"

"சைக்கிளை உருட்டினவன் நான்."

இருவரும் நாள் முழுவதும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இருபத்தேழு வருடமாக இருவரும் ஒன்றாகவே நினைத்திருந்த நாள், ஒவ்வொருவரிடமும் வேறு வேறாக இருந்தது. அதுதான் தக்சாயினியைத் திகைக்க வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கனகலிங்கம் வழக்கை முடிப்பதற்காக, முந்தி அயலில் இருந்த பஞ்சலிங்கத்தைக் கனடாவுக்கு வீடியோவில் அழைத்தார். நலம் விசாரித்தபின் நேரடியாகக் கேட்டார்.

"என்ரை பெடியனோ?" என்றார் பஞ்சலிங்கம். "அவன் அண்டைக்கு எங்களோடை இல்லையே. அதுக்கு முதல் கிழமையே கொடிகாமத்துக்கு மாமி வீட்டை அனுப்பிப்போட்டம்."

"அப்ப கத்தினது ஆர்? ஒரு பிள்ளை கத்தினது உமக்கு நினைவில்லையோ?"

"கத்தினது நினைவிருக்கு. பிள்ளை இல்லை அண்ணை. பெரிய ஆள். பொம்பிளைக் குரல்." அவர் கொஞ்சம் தயங்கினார். "அண்ணியெண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறன். நீங்கள் கதைக்காதபடியால் நானும் கேக்கேல்லை."

தங்கமுத்து கதவடியில் நின்றிருந்தாள். கனகலிங்கம் திரும்பி அவளைப் பார்த்தார். தக்சாயினியும் பார்த்தாள்.

"நான் கத்தேல்லை" என்றாள் தங்கமுத்து.

பஞ்சலிங்கம் வேறு கதைக்கு மாறி, அங்கே பனி கொட்டுவதைப் பற்றிச் சொன்னார்.

மாலையில் தங்கமுத்து மகளிடம் வந்து, "அதை ஒருக்காப் போடு" என்றாள். தக்சாயினி மூன்றாம் பாட்டைப் போட்டுக் கொடுத்தாள். தங்கமுத்து கைப்பேசியை, யாரோ அழைப்பில் இருக்கிற மாதிரிக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அந்த இடம் வந்தது. இந்த முறை எழும்பிப் போகவில்லை. பாட்டு முடிந்த பிறகும் சிறிது நேரம் கைப்பேசி காதிலேயே இருந்தது.

"இது நான் இல்லை" என்றாள். பிறகு, "உனக்குத் தொண்டை நோகேல்லையோ?" என்று கேட்டாள்.

"நொந்தது. ரெண்டு நாள்."

"சொல்லியிருந்தால் கொத்தமல்லி அவிச்சுத் தந்திருப்பன்."

மாட்டுக்குத் தண்ணீர் வைக்க எழும்பிப் போனாள். அந்த விஷயம் வீட்டில் அதற்குப் பிறகு எழவில்லை. முடிந்துவிட்டதாகவும் இல்லை.

தொகுப்பைப் பற்றிய பேச்சு மெல்ல அடங்கியது. கொலின்ஸ் கலியாணம் முடித்தான். தனோஜனுக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து வருகிறான். தக்சாயினி இன்னும் அதே லாப்பில்தான் வேலை செய்கிறாள். இரண்டாவது தொகுப்புக்கான வேலை தொடங்கியபோது, கதைப்பேன், பாடுவேன், கத்த மாட்டேன் என்று ஜெயதீபனிடம் சொன்னாள். என்ன கத்துகிறேன் என்று தெரியாமல் இனிக் கத்தக் கூடாது என்று நினைத்தாள். அவர் வற்புறுத்தவில்லை. ஐந்து மாதம் அப்படியே போனது.

போன மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கிணற்று மோட்டரைப் பற்றிய ஒரு பாட்டைப் பதிந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது சரணத்தில் அவள் திரும்பவும் கத்தினாள். முந்தியதைவிடக் குறுகியது, வேறு மாதிரியும் இருந்தது. கீழே குணலட்சுமி இப்போது எழும்பி வருவதில்லை.

ஜெயதீபன் காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றினார். "உது என்னது?"

"தெரியேல்லை" என்றாள் தக்சாயினி. "எடுத்தனீங்களோ?"

"எடுத்தனான்."

"அப்ப இருக்கட்டும்" என்றாள். தண்ணீர்ப் போத்தலைத் தேடினாள்.